உங்க அண்ணனுக்கு டாக்டரம்மா கெடச்ச சேதி

காவாந்தண்டலம்
19-8-84

பிலாயில கீற எம் பொண்ணு சுலோச்சனாவுக்கும் மாப்ளைக்கும் நைனா ஆசீர்வாதம் பண்ணி எய்திக்கினது. இங்க நானு, உங்கம்மா, உங்க அண்ணன் கன்னியப்பன், செனை மாடு எல்லாரும் சௌக்கியம், எம் முட்டிவலி மட்டும் என்னவிட சௌக்கியமா கீது. அங்க நீங்க ரெண்டு பேரும் எப்பிடி கீறீங்கன்னு ரெண்டு வரி போடு. நான் மூணாங்கிளாஸோட பள்ளிக்கூடத்துக்குக் கும்புடு போட்டவன், எய்த்து கோணலா கீதுன்னு சிரிக்கறதா இருந்தா மாப்ளைக்குக் காட்டாம சிரி.

எங்க வூட்டு நர்சம்மா, நீ சித்திரையில மெட்ராஸ் டாக்டரம்மா அட்ரஸ் எய்தி அண்ணன இட்டுக்கினு போங்கன்னு சொன்னியே, அந்த லெட்டர நான் ரெண்டு மாசம் பொட்டியில போட்டு மூடிட்டேன். திட்டாத. முப்பத்திநாலு வயசு ஆம்பளைய மனசு பாக்கற ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனா ஊர்ல ஒரு பேரு கட்டிடுவாங்களேன்னு பயம்தான், வேற ஒண்ணியும் இல்ல. அப்பால பால் சொசைட்டியில வந்த பேஜாருதான் என்ன கெளப்பி வுட்டுச்சி. எட்டு வருசமா உங்க அண்ணன் அங்க கருவி வுட்டு பால்ல தண்ணி கலந்துகீதான்னு டிகிரி பாக்கறது உனக்குத் தெரியும், அவன் சொன்னா சொன்னதுதான். இப்ப சொசைட்டி தகரம் போட்ட புதுக் கட்டடத்துக்குப் போயிடுச்சா, கேனு உருட்டற சத்தத்துல இவன் காதப் பொத்திக்கினு பாதி வேலையில எய்ந்து வெளிய பூடறான், ஜனம் செம்ப வெச்சிக்கினு வரிசையில நிக்குது. அது போதாதுன்னு யாரு பால்ல தண்ணியோ அவங்க பேர எல்லார் எதிர்லியும் சத்தமா சொல்லிடறான். ஒரு நாளு செக்ரட்டரி கிருஷ்ணசாமியோட மாமியாரு ஆண்டாளம்மாவப் பாத்து கால் பங்கு தண்ணின்னுட்டான். எனக்கு சிரிச்சி சிரிச்சி வயிறு புடிச்சிக்கிச்சி. கிருஷ்ணசாமி சிரிக்கல. வூட்டுக்கே வந்து, பெரியவரே, ஆடிக்குள்ள இவன் சரியாவலன்னா வேற ஆளப் போட்டுடுவேன்னுட்டுப் போனான். அத்த கேட்டுட்டு உங்க அண்ணன் ரெண்டு நாளு சோறு துண்ணல, மாட்டுக் கொட்டாயில போயி குந்திக்கினான். வேற எந்த வேலையும் அவனுக்கு ஒத்து வராதுன்னு அவனுக்கே தெரியும். நம்ப காலத்துக்கு அப்பால இவன் இன்னா பண்ணுவான்னு உங்கம்மா அழுவறா. அன்னிக்கித்தான் பொட்டியத் தொறந்தேன்.

இப்ப நான் பண்ண கூத்தக் கேளு. மெட்ராஸுக்குக் கெளம்பறதுக்கு நாலு நாளு முன்னயே உங்க அண்ணனுக்குப் பாடம் நடத்தினேன், மூஞ்சப் பாத்து வணக்கம் சொல்லு, நல்லா கீறேன்னு சொல்லு, ஒரு தொந்தரவும் இல்லன்னு சொல்லுன்னு. பொண்ணு பாக்க வராப்பல. நம்ப வூட்டுப் புள்ளையப் பத்தி ஒருத்தர் நாற்காலியில குந்திக்கினு கேட்டா கொறைய மறைச்சி நெறையச் சொல்றதுதானே நம்ப பயக்கம். உன்ன பாக்க வந்தப்பகூட எங்க பொண்ணு ஷோக்கா சமைப்பான்னு சொன்னோம், மாப்ளை பாவம் இன்னும் காத்துக்கினு கீறாரு. அங்க டாக்டரம்மா மொதல்ல எங்கிட்டத்தான் அவனப் பத்தி கேட்டாங்க. நான் எடுத்து வுட்டேன், கோவமே வராது, எது போட்டாலும் துண்ணுவான், எல்லார்கிட்டியும் கலகலன்னு பேசுவான்னு, ஒரே மூச்சுல மூணு பொய்யி. உங்க அண்ணனும் பாடத்த தப்பில்லாம ஒப்பிச்சான். டாக்டரம்மா பேனாவ மூடிட்டு, அப்ப எதுக்கு இவ்ளோ தூரம் வந்தீங்க, ஒண்ணும் இல்லையேன்னாங்க. நானும் பாசாயிட்டோம்னு பல்லக் காட்டிக்கினு எய்ந்தேன் பாரு. உங்க அண்ணன் எய்ந்துக்கல. மேல சுத்தற ஃபேனப் பாத்துக்கினே சொன்னான், நைனா சொல்லிக் குடுத்தத சொல்லிட்டேன், இப்ப நெஜத்த சொல்லட்டுமா.

அம்மாடி, ஒரு மணி நேரம் பேசினான். நாலு பேரு ஒண்ணா பேசினா யார் பேச்சக் கேக்கறதுன்னு தெரியலியாம். கேனு சத்தம் மண்டைக்குள்ள கல்லு வுயறாப்பல கீதாம். இத்த வுட்டுட்டு அத்த செய்யின்னு திடீர்னு சொன்னா கை காலு அப்பிடியே நின்னுடுதாம். மூஞ்சப் பாத்தா பேச்சு காதுல ஏறாதாம், பேச்சக் கேக்கணும்னா மூஞ்சப் பாக்க முடியாதாம். ஏழு வயசுல, நான் பேசினா எங்கடா பாக்கறன்னு புளிய மெளாறால அடிச்சேன் அவன. அப்ப அவன் கேட்டுக்கினுதான் இருந்துகீறான். டாக்டரம்மாகிட்ட நானே அத்த சொன்னேன், உங்கம்மாவுக்குக்கூட சொன்னதில்ல. அவங்க திட்டல. அப்ப உங்களுக்குத் தெரியல, இனிமே தெரியுமில்லன்னாங்க. இதுக்கு ஆட்டிசம்னு பேராம், பொஸ்தகத்துல சின்னப் பசங்களப் பத்தித்தான் நெறைய எய்திகீறாங்களாம், அந்தப் பசங்களுக்கும் மீச மொளைக்குமில்லன்னு சிரிச்சாங்க. மாத்திர குடுத்து மாத்தற நோவு இல்லியாம், ஒத்தாச பண்ணா நல்லா பொழைப்பானாம். உனக்கு இன்னா வேணும்னு என்ன கேக்கல, அவனக் கேட்டாங்க. சொசைட்டி வேல போவக்கூடாதுன்னான்.

அடுத்த வாரமே அவங்களோட வேல பாக்கற தாஜுன்னிசாங்கற அம்மா, காஞ்சிபுரத்துக் கடைக்காரங்க வூட்டுப் பொண்ணு, பஸ் ஏறி இங்க வந்துச்சி. வெடிகாலையில இருந்து கேனு வண்டி போறவரைக்கும் சொசைட்டியில குந்தி பாத்துட்டு, அப்பால கிருஷ்ணசாமிகிட்ட பேசிச்சி. இப்ப உங்க அண்ணனுக்கு சொசைட்டி பின்பக்க ஸ்டோர் ரூம்ல தனி மேஜ. காதுல பஞ்சு. பாலு சின்ன பாட்டில்ல நம்பர் போட்டு உள்ள போவுது, டிகிரி சீட்டுல எய்தி வெளிய வருது, யாரு பேரும் ஊருக்குக் கேக்கறதில்ல. எதனா மாத்தறதா இருந்தா மொத நாளே சொல்லிடணும். கிருஷ்ணசாமி ஆடி முடிஞ்சதும் வந்தான். ஒரு தபா கூட எய்ந்து போவல பெரியவரே, இவனே இருக்கட்டும்னான். உங்கம்மா அவனுக்கு ரெண்டு டம்ளர் மோரு குடுத்தா. மாசாமாசம் மொத செவ்வாக்கெழம உங்க அண்ணன் மெட்ராஸ் போயி டாக்டரம்மாவப் பாக்கறான், கூட வரேன்னேன், வேணாம் நைனா, நீ பொய் சொல்லுவன்னுட்டான்.

பெத்த பொண்ணுக்கு நன்றி சொல்ற பயக்கம் நம்ப வூட்ல இல்ல, அதுக்குப் பதிலா தாஜுன்னிசாம்மாவுக்கு ஒரு மூட்ட வேர்க்கல்ல குடுத்து வுட்டேன், உனக்கும் ஒரு பார்சல் வருது. உன் லெட்டர் இல்லன்னா எம் புள்ளைய நான் தெரிஞ்சிக்காமயே கண்ண மூடிட்டிருப்பேன் சுலோ. நீயும் மாப்ளையும் நூறு வருசம் நல்லா இருங்க, பனியில தலைய மூடிக்க, மாப்ளைக்கு எதனா ஒண்ணாவது உருப்படியா சமைக்கக் கத்துக்க. பொங்கலுக்கு வராப்பல இருந்தா தேதியும் வண்டி நேரமும் முன்னாடியே எய்தி போடு, திடீர்னு வந்து நிக்காத, உங்க அண்ணனுக்கு ஆவாது. பஸ் ஸ்டாண்டுக்கு அவன்தான் வருவான். உன் மூஞ்சப் பாக்காம எங்கியோ பாத்துக்கினு நின்னா கோவிச்சிக்காத கண்ணு, நீ பாட்டுக்குப் பேசு, அவன் கேட்டுக்கினு கீறான்.

இப்படிக்கு உன் நைனா
வீராசாமி