நிவேதனாவின் முதல் வரி

மாவிட்டபுரம் கந்தன் துணை

கொக்குவில் கிழக்கு,
12.06.2025

என் அன்பு மகன் மயூரதனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா பிரசாந்தி குடும்பமும் கந்தன் புண்ணியத்தில் குறையில்லாமல் இருக்கிறோம். காலையில் விளக்கு வைக்கும்போது உன் பெயரையும் மருமகள் பெயரையும் பேத்தி பெயரையும் சொல்லித்தான் வைக்கிறேன், ஆனபடியால் நீங்களும் சுகமாய்த்தான் இருப்பீர்கள். முதலில் பிள்ளைகளின் புதினங்களைச் சொல்லிவிடுகிறேன். அக்காவின் மூத்தவன் கஜானன் பேராதனையில் எஞ்சினியர் படிப்பின் கடைசிச் சோதனையில் முதலாம் வகுப்பில் பாஸ் பண்ணிவிட்டான். இரண்டாவது கஜீவன் பள்ளிக்கூடத்துப் பெரிய கிரிக்கெற் மாட்சில் தொண்ணூற்றொரு ஓட்டம் அடித்தான், நூறு வரவில்லை என்று அவன் இரண்டு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தான், நான் அந்தத் தொண்ணூற்றொன்றைச் சந்தைக்குப் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். கடைக்குட்டி துஷாந்தினிக்குச் சாதாரண தரச் சோதனையில் ஒன்பது ஏ, பள்ளிக்கூட வாசலில் பெரிய பதாகையில் அவளுடைய படம் தொங்குகிறது, மழை பெய்தால் நனையும் என்று எனக்குக் கவலை. எல்லாருக்கும் மேலே உன்னுடைய மகள் நிவேதனா, இருபத்துநாலு வயதில் புத்தகம் எழுதிவிட்டாள், எங்கள் இரண்டு பக்கத்துப் பரம்பரையிலும் புத்தகம் எழுதின முதல் ஆள் அவள்தான். அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு இப்படி ஒரு பேத்தி.

அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்று நீ நினைப்பாய். மூன்று நாள் போனைக் கையில் எடுத்துப் பார்த்தேன், உன் முகம் அதில் தெரிந்தால் என்னால் சொல்ல ஏலாது. பக்கத்து வீட்டு மிஸியம்மாவின் மகள் பெர்னடெட் சனிக்கிழமை ரொறன்ரோவுக்கு வருகிறாள், அவளுடைய கையில் கொடுத்துவிடுகிறேன். இந்த மாதக் கடைசியில் புத்தகம் அச்சுக்குப் போகிறது என்று நிவேதனா சொன்னாள். அதற்கு முன் நீ இதைப் படித்துவிட வேண்டும், ஆறுதலாய் இருந்து படி, வேலைக்குப் போகிற அவசரத்தில் படிக்காதே.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் என்னோடு கதைத்தாள். தான் எழுதினது அமெரிக்காவின் கறுப்பு இளைஞர்கள் முப்பத்தைந்து வருடத்துக்கு முன் வெளியிட்ட ஒரு பாட்டுத் தொகுப்பைப் பற்றி என்றும், அந்த நாளில் அப்படி வந்ததில் அது பெரிய பெயர் எடுத்தது என்றும் சொன்னாள். அந்தத் தொகுப்பின் அட்டைப் படத்தையும் போனில் காட்டினாள். சிவப்பும் பச்சையும் கறுப்புமாய் நிறம் அடித்த ஒரு சுவருக்கு முன்னால் மூன்று பெடியன்கள் நிற்கிறார்கள், நடுவில் தலையில் சீலை சுற்றின ஒரு வயதுபோன மனுசி மரக்கதிரையில் இருக்கிறா. அந்த மனுசியை நான் முதலே கண்டிருக்கிறேன். இரத்தினவேல் மாமா கப்பலில் வேலைக்குப் போய் நியூயோர்க்கில் வாங்கி உனக்கு அனுப்பின பாட்டுக் கசற்றின் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த கடதாசியில் இருந்தவ அவதான். பிறகு நிவேதனா தன்னுடைய புத்தகத்தின் முதல் வரியை எனக்காகத் தமிழில் சொன்னாள். "என்னுடைய அப்பப்பா கறுப்பு மனிதர்களின் குரலை அடுப்பில் போட்டு எரித்தார்" என்று அது தொடங்குகிறது. தன் தகப்பன் தன்னுடைய நிறத்தை வெறுத்தார் என்று பதினேழு வயதுப் பையன் ஒருவன் அன்றைக்கு விளங்கிக்கொண்டான் என்று அடுத்த வரி. அந்தப் பையன் நீ. எப்படி இருக்கிறது அப்பம்மா என்று பிள்ளை கேட்டாள். நான் ஓம் பிள்ளை, நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு, உடுப்பு மடித்துக்கொண்டிருந்த அக்கா என்னைப் பார்த்து, "அம்மா, உதை அப்பிடியே அச்சடிக்க விடப்போறியளோ" என்று கேட்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும். இவ்வளவு காலமும் எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்தவள்.

அப்பா எரிக்கவில்லை தம்பி. எரித்தது நான்.

எழுதிவிட்டேன், இனி முழுவதையும் எழுதுகிறேன். காங்கேசன்துறையை விட்டு ஓடிவந்து இந்தக் கொக்குவிலில் முதல் முதல் இருந்த வாடகை வீடு உனக்கு ஞாபகம் இருக்கும். கரண்ட் இல்லை, பற்றரியும் வாங்க ஏலாது, நீ அப்பாவின் சைக்கிளை அறைக்குள் தலைகீழாய் நிறுத்தி டைனமோ வயரைக் கசற் றேடியோவுக்குக் கொடுத்து, ஒரு கையால் பெடலைச் சுற்றிச் சுற்றிக் கேட்பாய். கை களைத்தால் அந்தப் பெடியன்களின் குரலும் களைத்துப்போய் இழுக்கும். பாட்டு என்றும் சொல்ல ஏலாது, மேளத்துக்கு மேலே வேகமாய்க் கதைக்கிறார்கள் என்றுதான் எனக்குக் கேட்டது. நீ அந்தக் கடதாசியைச் சுவரில் ஒட்டினாய். பழைய சைக்கிள் ரியூப்பை ஆபிரிக்கா தேசத்தின் வடிவத்தில் வெட்டி, நான் நேர்ந்து கட்டின அட்சரக்கூட்டுத் தாயத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த நூலிலேயே கோத்துக் கழுத்தில் போட்டாய். அதைக் கண்டதும் எனக்குப் பற்றி எரிந்தது. ஏன் என்று உனக்குத் தெரியும். நீ பிறந்தபோது உன்னைக் கையில் வாங்கின மருத்துவிச்சி, "பெடியன், ஆனால் கொஞ்சம் நிறம் குறைவு" என்று சொன்ன நாளிலிருந்து நான் உனக்குக் கடலைமாவும் பாலாடையும் பூசினேன். பள்ளிக்கூடத்தில் கறுவல் என்று கூப்பிடுகிறார்கள் என்று நீ அழுதுகொண்டு வந்தபோது, அப்படிச் சொன்ன பிள்ளைகளின் வீட்டுக்குப் போய் நான் சண்டை பிடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் மாவைக் குழைத்தேன். அப்படி நான் மறைக்கப் பார்த்த ஒன்றை நீ கழுத்தில் கட்டித் தொங்கவிட்டாய் என்றுதான் எனக்குக் கோபம்.

அப்பாவுக்கு அந்தக் கோபம் ஒருநாளும் வரவில்லை. நீ ரியூசனுக்குப் போயிருந்த ஒரு பின்னேரம், முன்வீட்டு இங்கிலீஸ் ரீச்சர் குணலட்சுமியைக் கூப்பிட்டு இருத்தி, உவங்கள் என்னதான் சொல்லுறாங்கள் எண்டு கேட்டுச் சொல்லுங்கோ ரீச்சர் என்று சொல்லி, தானே நிலத்தில் குந்தியிருந்து பெடலைச் சுற்றினார். சீமெந்துத் தொழிற்சாலையில் இருபது வருடம் மூட்டை தூக்கின கை, நீ சுற்றுவதைவிட ஒரே சீராய்ச் சுற்றியது. நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். எங்கடை பாட்டன் பூட்டனைக் கப்பலிலை ஏத்திக் கொண்டுவந்து வித்தவங்கள், பேரையும் பறிச்சவங்கள், நாங்கள் ராசாக்களின்ரை பிள்ளையள், எங்கடை நிறத்துக்கு நாங்கள் வெக்கப்படத் தேவையில்லை எண்டு சொல்லுறாங்கள் என்று ரீச்சர் சொன்னா. ஓரிடத்தில் அவர்கள் தங்கள் பாட்டிமாரின் பெயரை ஒவ்வொன்றாய்ச் சொல்கிறார்கள் என்றும் சொன்னா. ரீச்சர் போனபிறகு அப்பா குசினி வாசலுக்கு வந்து, "இஞ்சை பாரும், அவன் கறுப்பெண்டு நீர் மா பூசினனீர். அவங்கள் கறுப்பு வடிவெண்டு சொல்லுறாங்கள். கேக்கட்டுமன்" என்று சொன்னார். அதை அவர் உன்னிடம் சொல்லவில்லை. வளர்ந்த மகனோடு இருந்து கதைக்க அவருக்கு வராது, சாப்பிட்டியோ என்று கேட்பதோடு சரி. அன்றைக்குக் கேட்டபடியால் அந்தக் கசற்றில் என்ன சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எரித்தேன். தெரியாமல் செய்தேன் என்று நீ எனக்காக நினைத்துக்கொள்ளாதே.

கொடிகாமத்திலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்களே, அந்த வெள்ளிக்கிழமை. நீ உள் அறையில் பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தாய், ஆட்கள் வந்தது உனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது கழுத்தில் அந்த ரியூப். மாப்பிள்ளையின் மாமி பலகாரத் தட்டைத் தொடாமல், "என்ன தங்கச்சி, வீட்டுக்குள்ளை காப்பிலியளை வளர்க்கிறியளோ" என்று கேட்டுச் சிரித்தா. கறுப்பு ஆட்களை இழிவாய்ச் சொல்கிற சொல் அது, உனக்குத் தெரியும். அவர்கள் படி இறங்கினதும் நான் உன்னைத் தண்ணீர் அள்ள அனுப்பிவிட்டு, கசற்றை எடுத்தேன், சுவரில் இருந்த கடதாசியைக் கிழித்தேன், அந்த மாமி சொன்ன அதே சொல்லை நானும் சொல்லிக்கொண்டு இரண்டையும் எரிகிற அடுப்புக்குள் வைத்தேன். அந்த மனுசியின் படம் உடனே எரிந்தது. கசற் உருகிக் கரும்புகையாய் வந்தது. அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தச் சம்பந்தம் குழம்பினதும் பாட்டால் இல்லை. சீதனமாய்க் கொடுக்க இருந்த எங்கள் வளவு காங்கேசன்துறையில் ஆமி பிடித்த பகுதிக்குள் அகப்பட்டுக் கிடந்தது, அதுதான் காரணம் என்று தரகர் பிறகு வந்து சொன்னார். நான் அதைக் கேட்டும் வாய் திறக்கவில்லை.

நீ வாளியோடு வந்து மணத்துக்குக் குசினிக்குள் ஓடிவந்தாய். ஆர் எரிச்சது என்று கேட்டாய். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்குப் பின்னால் வந்து நின்ற அப்பா, "நான்தான் எரிச்சனான், இனி உந்த வீட்டிலை உது வேண்டாம்" என்று சொன்னார். நீ அவரைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டேன். பிறகு நான் அவரிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அதற்கு முந்தின மாதம்தான் என்னோடு ஒரு சின்னக் கோபத்தில் நீ மூன்று நாள் என் கையால் பச்சைத் தண்ணீர் கூட வாங்கிக் குடிக்காமல் கிடந்தாய். கோபம் என்றால் எங்கள் ஆட்கள் முதலில் அதைத்தானே செய்வது. "உம்மிலை கோவமெண்டால் அவன் சாப்பிடமாட்டான். அரிசியே தேடித்தான் சமைக்கிறம், பிள்ளை பட்டினி கிடந்தால் தாங்கமாட்டான். என்னோடை கோவிக்கட்டும், நான் சமைக்கிறேல்லைத்தானே" என்று சொன்னார். அவ்வளவுதான். நீ அவரோடு கதைக்காமல் என் கையால் சாப்பிட்டாய். இரண்டு வருடத்தால் கனடாவுக்குப் போனாய். விமானம் ஏறின அன்றைக்கே அவர், "இனி அவன் உம்மடை கையாலை சாப்பிடப்போறேல்லை, இனிச் சொல்லும்" என்று சொன்னார். நான் சொல்லவில்லை. நீ போன் எடுத்தால் என்னோடு ஒரு மணித்தியாலம், அவரோடு சுகமோ என்று ஒரு சொல். அந்த ஒரு மணித்தியாலத்தை இழக்க எனக்கு மனம் வரவில்லை. முப்பது வருடம் அந்தச் சுகத்தை நான் அனுபவித்தேன், அவர் பக்கத்துக் கதிரையில் இருந்து நான் கதைத்து முடியும்வரைக்கும் பார்த்துக்கொண்டு இருப்பார், முடிந்ததும் என்னவாம் என்று கேட்பார். அவருடைய செத்தவீட்டுக்கு வந்து கொள்ளி வைத்தாய், மகன் செய்ய வேண்டியது ஒன்றையும் நீ குறைக்கவில்லை, ஆனால் பெட்டியில் இருந்த அவர் முகத்தை ஒருதரமும் நேராய்ப் பார்க்கவில்லை. அதைக் கண்டும் நான் சொல்லவில்லை.

நிவேதனா அன்றைக்குப் போனில் அந்தப் பாட்டில் கொஞ்சம் போட்டுக் காட்டினாள். பாட்டிமாரின் பெயர் சொல்கிற இடம் வந்தது, ரீச்சர் சொன்ன அதே இடம். பாஷை விளங்காவிட்டாலும் பெயர் சொல்வது விளங்குகிறது. எங்கள் ஆட்கள் கீரிமலையில் செத்தவர்களுக்கு எள்ளுந்தண்ணியும் இறைக்கும்போது சொல்வது மாதிரி ஒவ்வொரு பெயருக்கும் இடைவெளி விட்டுச் சொல்கிறார்கள். அவர்களும் நாங்களும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை, அவர்களை அந்தச் சொல்லால் பேசின வாய்க்கு அப்படிச் சொல்ல உரிமையும் இல்லை. ஒருவருடைய பெயரைப் பிழையான இடத்தில் எழுதிவிட்டால் அது அப்படியே நின்றுவிடும் என்று மட்டும் அன்றைக்கு எனக்கு விளங்கியது.

ஆனபடியால் நீ மகளை இருத்தி இதை வாசித்துக் காட்டு. முதல் வரியில் இருந்து அப்பப்பாவை எடுத்துவிடச் சொல். அவர் பெடலைச் சுற்றினதை எழுதச் சொல். எரித்தது அப்பம்மா என்று எழுதச் சொல். அந்த நாளில் வயதுபோன ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் என்று மூடிக் கட்டி எழுத வேண்டாம், ஒரே வீட்டில் ஒரே கூரைக்குக் கீழே இருந்த அவர் அப்படி இல்லை. நான் சொன்ன சொல்லையும் எழுதட்டும். இங்கிலீசில் அப்பம்மாவுக்கும் அம்மம்மாவுக்கும் ஒரே சொல்தானாம், அதை மட்டும் எழுதினால் தாயின் தாயோ தகப்பனின் தாயோ என்று ஆட்களுக்குத் தெரியாமல் போகும், நமசிவாயம் நல்லம்மா, காங்கேசன்துறை என்று முழுப்பெயரும் ஊரும் போடச் சொல். என்னுடைய பெயர் அச்சில் வருவது இதுதான் முதல் தடவை. வரட்டும்.

இதைப் படித்தபிறகு நீ என்னோடு கதைக்காமல் விட்டாலும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நேரத்துக்குச் சாப்பிடு, சீனி வருத்தத்துக்குக் குளிசையை விடாதே. ஆடி மாதம் தேய்பிறைப் பஞ்சமியில் அப்பாவின் திதி வருகிறது, அங்கே கோயிலில் கொடுக்கும்போது இந்தமுறை மனதார அவருடைய பெயரைச் சொல்லிக் கொடு. நீயும் பேத்தியும் மருமகளும் நீண்ட ஆயுளோடு ஒற்றுமையாய் இருக்க வேண்டும், கந்தன் உங்களைக் காக்கட்டும். கடைசியாய் ஒன்று கேட்கிறேன். என்னிடம் இருக்கிற உன்னுடைய படம் பாஸ்போட்டுக்கு எடுத்தது, அன்றைக்கு ஸ்ரூடியோ வாசலில் நான்தான் உன் முகத்துக்குப் பவுடர் அப்பிவிட்டேன். புதிதாய் ஒரு படம் எடுத்து, கழுவித் தபாலில் அனுப்பு தம்பி. வெளுப்பாக்க விடாதே, உன்னுடைய நிறத்திலேயே வரட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
நமசிவாயம் நல்லம்மா