விசாலத்தின் அட்டை

நவம்பர் 4, செவ்வாய்
காலையில் நல்ல வெயில். மூன்று மணிக்கு இடி, பிறகு மழை. துலா மழை, ஐப்பசி மழைதான், இன்னும் விடவில்லை.

வங்கியிலிருந்து அட்டை பற்றிய சிறு புத்தகம் தபாலில் வந்தது. பதினாறு பக்கம். இரண்டு முறை படித்தேன். பஸ், மருந்துக்கடை, காய்கறி, பணம் எடுக்கும் மெஷின், எல்லாவற்றுக்கும் ஒரே அட்டை. புதிதாக ஒன்றும் இல்லை. ஏப்ரலிலிருந்தே வைத்திருக்கிறோம். ஒரே கணக்கு, இரண்டு அட்டை. எனது 4463. மனைவி வி.யுடையது 4471.

அவளுக்காகத்தான் வாங்கியது. சில்லறை எண்ண முடியாமல் கடையில் நின்று அழுதாள் ஒரு நாள். அட்டையில் அந்தக் கஷ்டம் இல்லை. மெஷினில் காட்டினால் ஒரு சத்தம், அவ்வளவுதான். நான் சொல்லிக்கொடுத்தேன். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சிரிப்பாள்.

ஆகஸ்டில் வழி தவறிச் சாலையில் நின்றதிலிருந்து அவள் அட்டையை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன். பட்டுப்புடவைக்கு அடியில். சரியா தவறா தெரியவில்லை.

மாலை வழக்கம்போல் வி.: "ஏன்னா, பஸ்ஸுக்கு நாழியாச்சு. அப்பா காத்துண்டிருப்பார்."
"நாளைக்குப் போகலாம், விசாலம்."

மாமனார் போனக்காடு எஸ்டேட் ஆபீசில் ரைட்டராக இருந்தவர். காலமாகி முப்பது வருஷம்.

நவம்பர் 6, வியாழன். மாலை 4.40
மேகமூட்டம். சற்றுப் பெருமையாக இருப்பதால் உடனே எழுதுகிறேன்.

வியாழனன்று நாலு வீடு தள்ளி மீனாட்சி மாமி வீட்டில் சகஸ்ரநாமம். மாமியே வந்து வி.யை அழைத்துப் போவாள். மற்றதெல்லாம் மறந்தாலும் அது மட்டும் வரி பிசகாமல் வருகிறது. அந்த நாலு மணி நேரம்தான் எனக்கு வெளி வேலைக்கு.

மருந்துக்கடை வரிசையில் நின்றபோது போனைப் பார்த்தேன். இரண்டு செய்திகள். 2.31: அட்டை 4471, பஸ், ரூ.13. 2.58: அட்டை 4471, பஸ், ரூ.28. அலமாரியில் இருக்கிற அட்டை பஸ்ஸில் எப்படிப் போகும்? நம்பரை யாரோ திருடியிருக்கிறார்கள். பேப்பரில் தினம் வருகிறதே.

புத்தகம், பக்கம் 9: நீங்கள் செய்யாத செலவானால் தாமதிக்காதீர்கள், உடனே தடை செய்யுங்கள். ஒரு தவறும் இல்லாமல் செய்தேன். 3.22க்குத் தடை. உறுதிச் செய்தியும் வந்தது.

மருந்துக்கடைப் பெண்: "சார் மிடுக்கனாணல்லோ! எங்க அச்சன் போனையே தொட மாட்டார்." கெட்டிக்காரன் என்கிறாள், தன் அப்பாவைவிட. என்னை அப்படி யாரும் சொல்லி நாளாயிற்று.

வந்து காபி போட்டேன். வி.க்கும் ஒரு டம்ளர் மூடி வைத்திருக்கிறேன். ஐந்தரைக்கு வருவாள்.

அதே நாள், 6.15
வி. இல்லை.

மாமி: "அவ அப்பவே எழுந்து போயிட்டாளே! ரெண்டு மணி இருக்கும். ஆத்துக்குத்தான் போறேன்னா. உங்ககிட்ட வந்துடுவான்னு விட்டுட்டேன் மாமா."

அலமாரி திறந்து கிடக்கிறது. சாவி அதிலேயே. காலையில் வேஷ்டி எடுத்தபோது நான் விட்டதுதான். புடவைக்கு அடியில் அட்டை இல்லை. மாமியோடு கிளம்பும் முன்பே எடுத்திருக்கிறாள்.

13 ரூபாய், கிழக்கே கோட்டை. 28 ரூபாய், அங்கிருந்து நெடுமங்காடு. அதற்கப்புறம் விதுரா, கடைசியில் போனக்காடு, அவள் அப்பா இருந்த இடம். கல்யாணமான புதிதில் எத்தனை முறை அந்த வழியில் அவளோடு போயிருக்கிறேன். தொகையைப் பார்த்தேன். வழியைப் பார்க்கவில்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். நல்ல மழை.

நவம்பர் 7, வெள்ளி
காலை 7.20க்குப் போலீஸிலிருந்து போன். சுள்ளிமானூர் தாண்டி ஒரு ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகையில் இருந்தாளாம். ரப்பர் பால் வெட்ட வந்தவர் பார்த்திருக்கிறார். உயிர் இருக்கிறது. முழுக்க நனைந்து, முழங்காலில் காயம், நல்ல ஜுரம். மெடிக்கல் காலேஜில் சேர்த்தாயிற்று.

விதுரா பஸ் கண்டக்டரைப் போலீஸ்காரர் தேடிப் பிடித்தார். கண்டக்டர் போனில் என்னிடம் பேசினார், பாவம், அழாத குறை.

"சாரே, அம்மச்சி கார்டு காட்டி. மெஷின் எடுத்தில்லா. மூணு தடவை நோக்கினேன். சாரமில்ல, டிக்கெட் வேண்டா, உக்காருங்கன்னு சொன்னேன். ஒரு சேச்சி பைசா கொடுக்கவும் வந்தா. அம்மச்சி கேட்டில்லா. ஓசியில நான் போக மாட்டேன்னு தமிழ்ல சொல்லிட்டு சுள்ளிமானூர்ல இறங்கிப் போயி."

ஆம். அவள் அப்படித்தான். எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போன வேனுக்குக்கூடத் தன் பங்கைக் கொடுத்தவள்.

தடை செய்யாமல் இருந்திருந்தால்: 1. மெஷின் சத்தம் கேட்டிருக்கும். 2. சிரித்திருப்பாள். 3. விதுரா வரை உட்கார்ந்தே போயிருப்பாள். 4. அடுத்த செய்தி என் கைக்கு வந்திருக்கும். நான் போய் அழைத்து வந்திருப்பேன்.

நவம்பர் 8, சனி
மழை இல்லை. ஜுரம் 102. நெஞ்சில் சளி. மருந்துச் சீட்டு நாலு.

புனேயிலிருந்து கணேசன் போன். விமானத்தில் திங்களன்று வருகிறான். "அப்பா, நீங்க ரூல் படிதானே செஞ்சேள்? யாரா இருந்தாலும் அதையேதான் பண்ணியிருப்பா. மனசுல போட்டுக்காதேங்கோ."

ரூல் படிதான். முப்பத்தாறு வருஷ ஆபீஸில் ஒரு மெமோ வாங்காதவன். மீனாட்சி மாமி வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம், "விசாலம் அங்கேதானே இருக்கா?" என்று. அரை நிமிஷம். தோன்றவில்லை. மாமியைத் தொந்தரவு செய்யக் கூச்சம் என்றுகூடச் சொல்ல முடியாது. தோன்றவேயில்லை.

நவம்பர் 11, செவ்வாய்
இளம் வெயில். ஜுரம் விட்டது. இரண்டு வாய் கஞ்சி குடித்தாள்.

வியாழன்வரை தினம் ஒரு முறையாவது "ஏன்னா" என்று கூப்பிடுவாள். ஜுரத்துக்குப் பிறகு இல்லை. ஓரிரு நாள் பொறுங்கள் என்கிறார் டாக்டர். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அவளுக்குக் கணேசனையும் தெரியவில்லை. அவன் வராந்தாவில் போய் நின்றுகொண்டான்.

பதினோரு மணிக்கு விழித்தாள். என்னை வெகு நேரம் பார்த்தாள். மரியாதையாக, அயலாரைப் பார்ப்பது போல.

"மாமா, ஒண்ணு கேக்கலாமா? பஸ்ல அத்தனை பேர் முன்னாடி என் அட்டை செல்லாதுன்னுட்டா. யார் அப்படிச் செஞ்சது?"

"நான்தான், விசாலம். தெரியாம செஞ்சுட்டேன்."

சிரித்தாள். என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"சே, உங்களைப் பாத்தா நல்லவா மாதிரி இருக்கு. நீங்க செஞ்சிருக்க மாட்டேள். எங்காத்துக்காரர் வரட்டும். எல்லாம் எழுதி வெச்சிருப்பார். யார் செஞ்சான்னு அவர் கண்டுபிடிச்சுடுவார்."