பார்க்காமல் எடுத்த நகல்

இன்று முறுக்கு சுட்டு அடுக்கி, அந்தப் பிளாஸ்டிக் மூடியை மேலே கவிழ்த்தேன். ஈப்போ ஆபீஸில், விவரங்களைப் பதிந்து வைக்கும் கம்ப்யூட்டர் தட்டுகளைத் தூசி படாமல் மூடி வைத்த அதே மூடிதான். பழசாகிவிட்டது என்று எறியப் போனார்கள். நீங்கள்தான் வாங்கி என்னிடம் கொடுத்தீர்கள். "பலகாரத்துக்கு நல்லா இருக்கும் லா," என்றீர்கள். உண்மைதான், முறுக்கு இன்னமும் நமுத்துப் போவதில்லை. நீங்கள்தான் இல்லை.

நம் ஆபீஸ் குளிர் அறையில் இருந்தது ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டர் மெஷின். அதற்குள் ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனி மெஷின் இருப்பதுபோல் பாவனை செய்ய வைத்தோம். கோலா கங்சார் ஊருக்கு ஒன்று, பத்து காஜா ஊருக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் முதலிலிருந்து அமைத்தால் வாரக்கணக்கில் இழுக்கும். நீங்கள் ஒன்றை மட்டும் ஒழுங்காக அமைத்து, அதன் தட்டை இன்னொரு தட்டுக்கு அப்படியே நகலெடுத்து, பெயரை மட்டும் மாற்றுவீர்கள். நாங்கள் கோப்பி குடித்துவிட்டு வருவதற்குள் புது மெஷின் தயார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எடுப்பதால்தான் அத்தனை வேகம்.

ஒரு காலையில் எல்லாக் கிளைகளும் ஒரே மாதிரி நின்றுபோயின. முதல் தட்டில் இருந்த கோளாறு எல்லாவற்றுக்கும் போயிருந்தது. மற்றவர்கள் ஓடிக்கொண்டிருக்க, நீங்கள் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தீர்கள். அந்த வாரம்தான் என் அப்பா உங்களிடம் நம் கல்யாணப் பேச்சை எடுத்திருந்தார்.

"எங்கப்பா தஞ்சோங் ரம்புத்தான்ல இருக்காரு, தெரியும்தானே?" என்றீர்கள். தெரியும். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர், மனம் தடுமாறி அங்குள்ள மனநோய் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நீங்கள் பள்ளிக்கூடப் பிள்ளை. "முதல்ல உள்ளது நகல்லயும் இருக்கும். நாளைக்கு நானும் அங்கதான். உன்ன ஏன் மாட்டி விடணும்?"

"நகல் எடுத்த மறுநாளே அதது தன் வேலைய எழுத ஆரம்பிச்சிடும், கோலா கங்சார் வேற, பத்து காஜா வேறன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று சண்டை போட்டேன். "நீங்க உங்கப்பா இல்ல."

நீங்கள் இந்த மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். "பேரு மட்டும்தான் வேற லா," என்றீர்கள்.

அவ்வளவுதான். நான் இன்னொருவருக்குக் கழுத்தை நீட்டினேன். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். நீங்கள் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, என்றைக்கு மனம் தடுமாறும் என்று தலை முழுக்க நரைக்கும்வரை காத்திருந்தீர்கள். பிடிவாதக்காரர்.

நெஞ்சுவலியோடு பத்து காஜா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்க வந்தேன். என் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விசாரித்தீர்கள். "அந்த மூடி இன்னும் இருக்கா?" என்று கேட்டீர்கள். மறுநாள் போய்விட்டீர்கள்.

நீங்கள் பயந்த நோய் வரவே இல்லை. அதைச் சொல்லிச் சண்டை போட இப்போது ஆளில்லை. மூடி இருக்கிறது, கோபமும் இருக்கிறது. கடைசி மூச்சுவரை அத்தனை தெளிவாக இருந்தீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.