ஐந்து நிமிடம் முந்திய அலை

அன்புள்ள அபாங்,

நேற்று உங்கள் ஆய்வகத்து ஃபத்லுன் வீட்டுக்கு வந்தார். நீங்கள் ஜகார்த்தா போனது தெரியாதாம். காப்பி கொடுத்தேன்.

"அண்ணி, சுனாமி அன்னிக்குச் செயற்கைக்கோள் நடுக்கடல்ல அளந்த அலை உயரம் நம்மகிட்ட இருக்கு. அதை வச்சுத்தான் கடலடித் தரை எங்கே உடைஞ்சுதுன்னு கணக்குப் போடுறோம். அண்ணன் அந்த உடைப்பைக் கரைப் பக்கமாவே தள்ளிக்கிட்டுப் போறாரு. அலை அஞ்சு நிமிஷம் முன்னாடியே ஊருக்குள்ள வந்துடுது. அளந்த உயரத்தோட ஒட்டவே மாட்டேங்குது. ஏன் இப்படிப் பண்றாரு?"

தெரியாது என்றேன். எனக்குத் தெரியும்.

அன்று நிலம் ஆடி நின்றதும் உங்கள் முதல் மனைவி சஃப்ரினாவுக்குப் போன் செய்து, "வீட்டுலயே இரு, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றீர்கள். காத்திருந்த அவளை, நீங்கள் போய்ச் சேருமுன் அலை கொண்டுபோய்விட்டது. இதைக் காய்ச்சலில் ஒருமுறை உளறினீர்கள். உங்கள் கணக்குப்படி அலை முன்னதாகவே வந்திருந்தால், ஓடியிருந்தாலும் அவள் தப்பியிருக்க மாட்டாள். அப்போது உங்கள் மேல் பழியில்லை.

ஒவ்வொரு டிசம்பரிலும் அவள் பெயரில் கொடுக்கும் கந்தூரி விருந்துக்குச் சமைப்பவள் நான். "அவ செய்யிற திம்பான் இன்னும் மெத்துனு இருக்கும்" என்பீர்கள், என் பலகாரத்தை மென்றுகொண்டே. செத்தவளோடு என்ன சண்டை என்று பொறுத்துக்கொண்டேன்.

இது பொறுக்கவில்லை, அபாங். நம் மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு ஆறு மணி நேரம் தாமதமாக வந்தீர்கள். கேட்டால், "கணக்கைப் பாதியில விட்டுட்டு வர முடியுமா?" என்றீர்கள்.

அவளுக்காக மட்டும், வந்து போன கடலையே ஐந்து நிமிடம் முன்னால் வரவைக்கிறீர்கள்.

காத்திருந்தே பழகிப்போன,
உங்கள் மனைவி