புடவைக்குள் போன பக்கம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்பு மகள் துர்காவுக்கு அப்பா எழுதுவது. ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், மதுரையில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய், போனில் என்றால் எனக்கு மறுபடியும் பொய்தான் வரும்.

ஞாயிறு தோறும் நீ எழுதுகிற பேப்பர் வருகிறது, நீயும் படிச்சியாப்பா என்று கேட்பாய், நானும் படிச்சேம்மா, பிரமாதம் என்பேன். ஒரு வாரம்கூடப் படித்ததில்லை துர்கா. இந்தக் காலத்தில் பக்கம் பக்கமாக யார் படிப்பார்கள் என்று ஒரு இளக்காரம். ஆனால் கெட்டிக் காகிதம், கையில் மை ஒட்டாது, அதனால் நெய்த வரைக்கும் புடவையைத் தறியிலேயே சுருட்டும்போது ஜரிகையோடு ஜரிகை உரசாமல் இருக்க அதைத்தான் இடையில் வைத்துச் சுருட்டினேன். அச்சடிப்பதை நிறுத்திவிடலாம் என்று உன் முதலாளி சொன்னபோது, எங்கப்பா தறியை விட்டு இறங்கி ஒரு வரி விடாமல் படிக்கிறார் என்று நீ எழுந்து சொன்னதாகவும் அவர் மனசு மாறியதாகவும் போன வாரம் சொன்னாயே, அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை ஜரிகை கொண்டுவந்த வாலாஜாபாத் காஜா பாய், தறியில் கிடந்த பக்கத்தில் உன் பேரைப் பார்த்துவிட்டார். இன்னாபா தினகரா, பொண்ணு எழுதினதை மடிச்சி புடவைக்கு மெத்தை போட்டுக்கினு இருக்கிறியே என்றார். அவர் சம்சாரம் ஷஹர்பானு உரக்கப் படிக்க வீடே கேட்குமாம். கைரேகை தேய்ந்து ரேஷன் அரிசி கிடைக்காத, கல் உடைக்கும் அம்மாவைப் பற்றி நீ எழுதியதைக் கேட்டு அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்கவில்லையாம். அந்தம்மாவுக்கு இப்போ அரிசி தராங்களா, பொண்ணைக் கேட்டியா என்றார். எந்த அம்மா என்றே எனக்குத் தெரியவில்லை. உன் அம்மா எதிரில் கூசிப்போனேன்.

அவர் போனதும் படித்தேன். அந்தம்மா ரேஷன் கடை மெஷினில் விரலை மாற்றி மாற்றி வைக்கிற இடத்தில் பக்கம் முடிந்துவிட்டது, மீதி ஏற்கெனவே புடவைக்குள் போய்விட்டது. பாயிடம் போன் செய்து அவர் வீட்டுப் பேப்பரைக் கேட்டேன், ஷஹர்பானு அதை யாருக்கும் தர மாட்டாளாம்.

இனி முதலாளியிடம் என் பேரைச் சொல்லாதே, ஷஹர்பானு பேரைச் சொல். காமாட்சி துணையால் நீ தலைநிமிர்ந்து நிறைய எழுத வேண்டும். மறக்காதே, புடவையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்துப் பிரிக்க இன்னும் ஒரு வாரம் ஆகும், அதுவரை படிச்சியாப்பா என்று கேட்காதே, பாதிதான் படித்திருக்கிறேன்.

வெட்கத்தோடு,
உன் அப்பா,
தினகரன்.