சாகாத காவல்காரன்

வெள்ளிக்கிழமை, உக்குவளை.

அக்கா உதடு கிழிஞ்சு, நாவுல ஊர்ல இருக்கிற புருஷன் வீட்ல இருந்து வந்திருக்கா. மச்சான் அடிச்சது. "அவரு இல்லாம குடும்பம் எப்பிடி ஓடும்?"னு அம்மா கேட்டாங்க.

கம்ப்யூட்டர் கேம் ஒண்ணை மாத்தி நான் செஞ்ச மோட்ல, காவல்காரனுக்கு மச்சான் மூஞ்சிய வச்சிருக்கேன். அக்கா அதுல கோடாலியால எவ்வளவு வெட்டினாலும் எழும்பிடுறான்.

"ஏன்டா சாகமாட்டேங்கிறான்?"னு அக்கா கேட்டா.

"எசென்ஷியல்னு டிக் போட்டிருக்கு. இவன் செத்தா கதை நின்னுடும்."

"நிக்கட்டும்."

டிக்கை அவளே எடுத்தா. கேம்ல அவன் செத்து விழுந்த பிறகும் வெட்டிக்கிட்டே இருந்தா. பிறகு, "பழைய சேவ் ஃபைல லோட் பண்ணு, இன்னொருக்கா"ன்னா.

நாளைக்கு மச்சானை வரச்சொல்லி அம்மா ஃபோன் பண்ணிட்டாங்க.

அடுப்படியில இருந்த விறகுக் கோடாலிய எடுத்து என் கட்டிலுக்குக் கீழ வச்சிருக்கேன். அக்கா கையில படாம ஒளிச்சேனா, இல்ல எனக்குத்தான் எடுத்தேனானு தெரியல.