நாலாவது ஆள்

இஞ்சாருங்கோ,

நீங்கள் எழும்ப முதல் பிள்ளைகள் இருவரோடும் நான் கேம்பிரிட்ஜுக்குப் புறப்பட்டுவிட்டேன். மோர்டனிலிருந்து கிங்ஸ் குரொஸ், அங்கிருந்து ரயில். எல்லாம் நீங்கள் ஒரு கிழமையாக இருந்து போட்ட திட்டம்தான். அதில் ஒரு பிழையும் இல்லை. போனமுறை பிரைட்டனில் ரயில் தவறியதற்குப் பிளாட்பாரத்தில் அத்தனை பேருக்கும் முன்னால் தக்‌ஷிகாவை ஏசினீர்கள். "அப்பா வந்தா நான் வரேல்லை" என்று நேற்றுச் சொன்னாள். நான் மறுக்கவில்லை.

புட்டு குசினியில் இருக்கிறது. சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

பி.கு.: மூன்று பேராகப் பயணம் போனால் நாலாவதாக ஒரு கல்லையாவது கொண்டுபோக வேண்டும் என்பீர்கள். மறக்கவில்லை. தோட்டத்தில் தக்‌ஷிகாதான் தேடி எடுத்தாள். "இது கத்தாது அம்மா" என்றாள். ஜன்னலோர இடம் அதற்குத்தானாம்.